சைக்கிள் டியூப் வளையங்கள்

கல் உடைத்துவந்த குவாரியை மூடிவிட்டதால் சவரிராயன், மனைவியின் தம்பி தஸ்நேவிஸின் படகில் முதன்முதலாகக் கடலுக்குப் போனான். இன்று தாக்குப்பிடித்தால்தான் நாளையும் படகில் இடம். கரை மறைவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான்.

"மீனுக்கு நல்லாத் தீனி போடுதீய மச்சான்" என்று சிரித்த தஸ்நேவிஸ், பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய நான்கு வளையங்களை நீட்டினான். "வெரல்ல மாட்டுங்க. இல்லன்னா தூண்டில் நைலான் நரம்பு வெரல அறுத்துரும்."

சவரிராயன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வெயில் ஏறியபோது, அவன் வெறுங்கையில் பிடித்திருந்த நரம்பு விண்ணென்று இழுத்தது. தலையை வெளியே நீட்டி இன்னொரு முறை வாந்தி எடுத்தான். பிடியை மட்டும் விடவில்லை. விரல்களுக்கிடையே சீறி ஓடிய நரம்பு மெல்ல நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. இடுப்புயரப் பாரை மீன் ஒன்று படகுக்குள் விழுந்து துடித்தது.

"கையக் காட்டுங்க."

இருபத்திரண்டு வருடம் சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன தோலில் ஒரு வெள்ளைக் கோடுதான் இருந்தது. தஸ்நேவிஸ் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ரத்தம் வரவில்லை.

சவரிராயன் சட்டைப்பையிலிருந்து வளையங்களை எடுத்தான்.

"நீயே மாட்டிக்க மாப்ள."

தஸ்நேவிஸ் வாங்கவில்லை.

"நாளைக்கு வரும்போது குடுங்க" என்றான்.