சிநேகிதி ஒருத்தியின் மூன்று நிமிடம்

மாசூமா உள்ளே போனதும் ஜோன் ஸ்டோர் ரூம் கதவை இழுத்துச் சாத்தினாள்.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சமூக மண்டபத்தில் குரல் பதிவு செய்ய வேறு இடம் இல்லை. சுவரெல்லாம் போர்வைகளைத் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் கிறிஸ்மஸ் மரத்தை ஒரு மூலைக்குத் தள்ளி, நடுவில் மைக்கை நிறுத்தியிருந்தார்கள். வெளிச் சத்தம் ஒன்றும் உள்ளே போகாது. உள்ளே பேசுவது எல்லாம் வெளியே கேட்கும். எப்படி என்று ஜோனுக்கே விளங்கவில்லை.

சுலக்சனா கதவருகே கதிரையில் இருந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் ஏழு வயது மகள் தர்சினியும் கூட வந்து, நிறப்பென்சிலால் ஒரு குதிரைக்கு ஐந்தாவது கால் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜோனின் திட்டம் சுருக்கமானது. அகதிப் பெண்கள் ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் தன் கதையைத் தன் குரலில் சொல்ல வேண்டும். அதற்குப் படங்கள் சேர்த்து, பாராளுமன்ற உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டுவாள். பார்த்த மறுநாளே அவர்கள் இங்கே தங்கும் உரிமையைக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவளுடைய நம்பிக்கை. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஹசாராப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்தார்கள்; மாசூமா அவர்களில் ஒருத்தி. மத்தியானச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு ஆறாவதாக வவுனியாக்காரி சுலக்சனா வந்தாள்.

"இதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்லுங்கள்," என்றாள் ஜோன் முதல் நாளே.

ஆறு பேருக்கும் இமிகிரேஷனில் கொடுத்த பைல்தான் நினைவுக்கு வந்தது.

சுலக்சனாவின் கதை ஏற்கனவே இமிகிரேஷனில் இருந்தது. இருபத்தாறு பக்கம். பதினான்கு தரம் சொல்லியாயிற்று. பதினைந்தாவது தரம் அவள் போகவே இல்லை. கதை தானாக எழும்பி, ரயிலேறிப் பரமட்டாவில் இறங்கி, ஒபிசருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சொல்லி முடித்து, அவர் வைத்த தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தது. அவ்வளவு பழக்கம்.

ஆனால் ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. விசா முடிவு அடுத்த மாதம். பிசகினால் தாயும் மகளும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அந்த இருபத்தாறு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

2010இல் படகில் வந்து இந்த நாட்டின் கிறிஸ்மஸ் தீவில் இறங்கிய முதல் நாளே அவள் அதை விழுங்கிவிட்டாள். "போமில எழுதுறதெல்லாம் நேர கொழும்புக்குத்தான் போகுமாம்," என்று படகில் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் கடலைப் பற்றியும் நிறையச் சொன்னவர். எல்லாம் பிழை.

பிறகு ஒருநாள் லோயரிடம், "எனக்கில்லை, எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு" என்று தொடங்கிக் கேட்டுப் பார்த்தாள். இப்போது சேர்த்தால், அன்றைக்குச் சொன்னது பொய்யா இன்றைக்குச் சொல்வது பொய்யா என்பார்கள். இருபத்தாறு பக்கமும் கவிழும் என்றார் அவர். சேர்க்காவிட்டால் அந்த வரி வவுனியாவில் இருக்கிற இடத்திலேயே வளர்ந்துவிடும். இந்த நாட்டுக்கு ஒருநாளும் வராது.

மாசூமாவின் பைலும் அதே நிறைதான். யோசனை அவளுடையது. கோப்பை கழுவும்போது சொன்னாள்: "யுவர் ஸ்டோரி, மை மௌத். மை ஸ்டோரி, யுவர் மௌத். நவ் மிஸ்டர் ஒபிசர், யூ கேட்ச்!"

ஜோன் சம்மதித்தாள். 'என் சிநேகிதி ஒருத்தி' என்று தொடங்க வேண்டும். சொல்பவளின் முகமோ சிநேகிதியின் பெயரோ வராது. ஆங்கில வகுப்பில் படித்த நூற்றிருபது சொல்லையும் நான்கு கையையும் வைத்துக்கொண்டு, நான்கு புதன்கிழமைகளில் இரண்டு பெண்களும் கதை மாற்றிக்கொண்டார்கள்.

சுலக்சனா இருபத்தாறு பக்கத்தையும் தொடவில்லை. அந்த ஒரு வரியைத்தான் கொடுத்தாள். மூன்று நிமிடத்துக்கு அது தாராளம் என்றாள் மாசூமா.

காலையில் சுலக்சனா முதலில் உள்ளே போனாள். குவெட்டாவில் துப்பாக்கிக்காரர்கள் மாசூமாவின் அண்ணனை பஸ்ஸிலிருந்து இறக்கிய இடத்தில் அவள் நிறுத்த வேண்டியதாயிற்று. சொந்தக் கதையைப் பதினான்கு தரம் சொல்லியும் வராத கண்ணீர், இரவல் கதைக்குப் பொலபொலவென்று வந்தது.

இப்போது மாசூமாவின் முறை.

கதவுக்கு அப்பால் ஹசாரகி பாஷை தடதடவென்று ஓடியது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முன்பின் தெரியாதவர்களின் கலியாணத்துக்கு வந்தவள்போலச் சுலக்சனா கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

திடீரென்று குரல் இறங்கியது. நடுவில் ஒரு சொல் மட்டும் தனியாக வந்து நின்றது.

"ஆரூரன்."

தர்சினியின் பென்சில் நின்றது.

"அம்மா! மாசூமா அன்ரி தம்பியைக் கூப்பிடுறா!"

அந்தப் பக்கம் மேசையில் ஹெட்போனோடு இருந்த ஜோன் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

சுலக்சனா மகளின் நாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "ஆரடி தம்பி? உனக்குத் தம்பி இல்லையெல்லே."

பிள்ளை தாயையே பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் அடுக்கி வைத்து, ஒபிசருக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"நோ பிரதர். ஒன்லி மீ."

சொல்லிவிட்டுக் குதிரையிடம் திரும்பினாள்.

உள்ளே மாசூமா அந்தப் பெயரை இன்னொரு தரம் சொன்னாள். இம்முறை இருவரில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.