யாருக்குக் கொழுப்பு?

"ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க. ம்... உள்ள போயிடுச்சு."

"ஏண்டி, நான் என்ன உன் தையல் மிஷினா? தினம் தெறந்து பார்த்துப் பார்த்து மூடற?"

ஸ்கூல் வேன் ஓட்டறவரு அவரு. வண்டிக்குள்ள இருபது பிள்ளைங்க ஒண்ணா கத்தினாலும் திரும்பிப் பார்க்காம ஓட்டிக்கிட்டுப் போற மனுஷன். வீட்டுக்கு வந்தா இந்தச் சின்ன மாத்திரை ஒண்ணுக்கு அப்படி ஒரு அழிச்சாட்டியம். வீட்டுக்காரம்மா வாசல் ரூம்ல மிஷின் போட்டுத் துணி தைக்கறவ. கழுத்துல இன்ச் டேப்பு தொங்கத் தொங்க, ஒரு கையில தண்ணி, இன்னொரு கையில மாத்திரைன்னு அவ எதிர்ல வந்து நின்னாத்தான் காரியம் ஆகும்.

"பேசாதீங்க. ஸ்கூல்ல டிரைவருங்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களே, உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு? இருநூத்தி அறுபது! அதைச் சொல்ல ஒரு ரிப்போர்ட்டு வேணுமா? கல்யாணமான நாள்லேருந்து நானும்தான் பார்த்துக்கிட்டிருக்கேன் உங்க கொழுப்பை."

"அந்தக் கொழுப்பு வேற, இந்தக் கொழுப்பு வேறடி."

"ரெண்டும் உங்க ஒடம்புலதானே இருக்கு? மருந்துக் கடைக்காரர் என்ன சொல்லிக் கொடுத்தாரு? 'இது கொழுப்பு மாத்திரைம்மா, ஒரு நாள்கூட விட்டுடாதீங்க'ன்னாரு. நான் விடமாட்டேன்."

அவரு தட்டைக் கொஞ்சம் தள்ளினாரு. "சரி, அதை விடு. இது என்ன சாப்பாடு? உப்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு எனக்கு."

"கிட்னி டாக்டரம்மா சொன்னபடிதான் சமைக்கறேன். கிட்னி பாதிதான் வேலை செய்யுதுன்னு அவங்க சொல்லும்போது நீங்களும்தானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க? அப்புறமும் நாக்கு கேக்குதா?"

அவரு தள்ளின தட்டைத் திரும்ப இழுத்துக்கிட்டாரு.

அவ பயப்படறதுலயும் நியாயம் இருந்துச்சு. போன வருஷம் அவரோட அண்ணன், லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கிட்டிருந்தவரு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ உக்காந்தாரு. உக்காந்தவரு எழுந்திருக்கவே இல்ல. அன்னிலேருந்து இவளுக்குத் தூக்கம் பாதிதான். பக்கத்துல இவரு குறட்டை சத்தம் நின்னாப் போதும், உலுக்கி எழுப்பி, "தூங்கறீங்களா?"ன்னு கேப்பா. "தூங்கிக்கிட்டுதாண்டி இருந்தேன்"னு அவரு எரிஞ்சு விழுந்தாத்தான் அவளுக்கு நிம்மதி.

மறு வாரம் செக்கப்பு. மூணு மாசத்துக்கு ஒருதரம் போறதுதான். ஃபைலை அணைச்சுக்கிட்டு அவ முன்னால போனா. அவரு வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே பின்னால வந்தாரு. மூணரைக்கு ஸ்கூல் விட்டுடும், அந்தக் கவலை அவருக்கு.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்தாங்க. "கிட்னி போன தடவை மாதிரியே நிக்குது. மோசமாகல. சந்தோஷம்."

அவளுக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. "வீட்டுல உப்பை ஒளிச்சே வெச்சுட்டேன் டாக்டர்."

"நல்ல காரியம். ஆனா கொழுப்பு ஒரு புள்ளிகூட இறங்கலையே! மாத்திரை எழுதிக் கொடுத்து மூணு மாசம் ஆச்சு. நிறுத்தியாச்சா?"

"ஐயோ, ஒரு நாள் தவறல டாக்டர்!"

"கோவிச்சுக்காதீங்க, நிறையப் பேரு நடுவுல நிறுத்திடறாங்க, அதான் கேட்டேன். கிட்னி சரியில்லன்னா கிட்னியைப் பத்தி மட்டும் கவலைப்பட்டாப் பத்தாதும்மா. இதயத்துக்கும் சேர்த்து ஆபத்து. ரத்தக் குழாயெல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகும். கிட்னி முழுசா நின்னுபோறதுக்கு முன்னாடியே மாரடைப்புல போனவங்க எத்தனை பேரு! அதனால கொழுப்பு நம்பர் கூட இருந்தாலும் சரி, அளவோட இருந்தாலும் சரி, இந்த மாத்திரை வேணும். பேருதான் கொழுப்பு மாத்திரை. காவல் என்னவோ நெஞ்சுக்கு."

"அளவோட இருந்தாலுமா?" அவ குரல் உள்ள போயிடுச்சு.

வேன்காரருக்கு ரோஷம் வந்துடுச்சு. பொண்டாட்டி மேல பழி வந்தா எந்த மனுஷன் பார்த்துக்கிட்டிருப்பான்? நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டாரு.

"டாக்டர், இவளைச் சந்தேகப்படாதீங்க. எதிர்ல நின்னு, என்னை முழுங்க வெச்சு, நாக்கைத் தூக்கிப் பார்த்துட்டுத்தான் நகருவா. போலீஸ்காரங்க தோத்துடுவாங்க. இந்த மூணு மாசத்துல ஒரு மாத்திரை மிச்சமில்ல. எல்லாம் என் வயித்துக்குள்ளதான் இருக்கு."

டாக்டரம்மா எழுதிக்கிட்டிருந்த பேனாவைக் கீழ வெச்சாங்க. "உங்க வயித்துக்குள்ளயா? நீங்க எதுக்குச் சாப்பிட்டீங்க? கிட்னி கெட்டுப்போனது உங்க வீட்டம்மாவுக்குத்தானே!"

அவரு மெதுவா மனைவி பக்கம் திரும்பினாரு. "எனக்குன்னு எழுதிக் கொடுத்ததாத்தானடி சொன்ன?"

அவ ஃபைலைப் பார்த்துக்கிட்டே பேசினா. "எனக்குக் கொழுப்பு அளவோட இருக்குன்னு போட்டிருந்துச்சு டாக்டர், இவருக்குத்தான் இருநூத்தி அறுபது. இவரு நெஞ்சு நின்னுபோச்சுன்னா, அப்புறம் என் கிட்னி ஓடித்தான் யாருக்கு என்ன?"