வெற்றிடத் தகடு

அவள் தேடிக்கொண்டிருந்தது ஒரு பிழையை.

இளவழுதியின் மாதிரி அவள் திரையில் விரிந்திருந்தது. காலையில் அவனே கொடுத்தது.

இதயத்துடிப்புக் கருவிக்கான அணுமின்கலம். கீழே கதிரியக்க நிக்கல் தகடு. அதன்மேல், கதிர்களை மின்சாரமாக்கும் மெல்லிய அடுக்கு. இன்னும் எதுவும் செய்யப்படவில்லை. எல்லாம் கணினிக்குள் மட்டுமே. ஒருமுறை மார்புக்குள் வைத்துவிட்டால், மறுபடி கத்தி வைக்காமல் பல்லாண்டு உழைக்க வேண்டும்.

இருவரும் ஆய்வகத்தில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே கலத்தைத் தனித்தனியே கணித்தார்கள். அவனுடையது மூன்று மடங்கு மின்சாரம் தந்தது.

இயக்குநர் அவன் தோளைத் தட்டினார். இன்று மாலை அவன் வடிவம் தயாரிப்புக்குப் போகிறது.

அவன் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தான். அவளும் தின்றாள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

பிழை அகப்பட்டது.

தகடு எதனால் ஆனது என்னும் இடத்தில் ‘நிக்கல்’ என்று குறிக்க அவன் மறந்திருந்தான். மென்பொருள் தானாக இட்டு வைக்கும் ‘வெற்றிடம்’ அப்படியே இருந்தது.

வெற்றிடம் எந்தக் கதிரையும் தடுப்பதில்லை. அந்த மூன்று மடங்கு அதனால் வந்ததுதான்.

அவள் உள்ளம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும்.

கதவருகே இளவழுதி வந்து நின்றான்.

“பாத்துட்டியா? நீ சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன். இவ்வளவு எப்படி வருதுன்னு எனக்கே நம்ப முடியல.”

சரியாக இருக்கிறது என்றாள்.

அவன் முகம் தெளிந்தது. போய்விட்டான்.

இனி கலம் செய்யப்படும். சோதனை மேசையில், எல்லோர் முன்னிலையிலும், அவன் சொன்ன மின்சாரத்தை அது தராது.

அவள் ‘வெற்றிடம்’ என்பதை அழித்து ‘நிக்கல்’ என்று எழுதினாள். மாதிரியை மறுபடி ஓடவிட்டாள். அவன் தோற்பதை ஒருமுறை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

கதிர்கள் தகட்டுக்குள் பிறந்தன. சிறிது தூரம் ஓடின. தகட்டுக்குள்ளேயே மடிந்தன.

மேற்பரப்பை ஒட்டிப் பிறந்த சில மட்டும் வெளியேறின.

மற்றவை பிறந்த இடத்தையே சுட்டுக்கொண்டிருந்தன.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாக்கில் பால்கோவாவின் இனிப்பு இன்னும் இருந்தது.

வெளியே மின்தூக்கியின் மணி ஒலித்தது.

“வழுதி” என்றாள்.

அவளுக்கே கேட்கவில்லை.

நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்தாள்.