மத்தியானக் கம்பைல்

மறுபடியும் திரை உறைந்துவிட்டது.

பச்சை எழுத்துகள் பாதி வரியில் நின்றன. டயர் கிடங்கின் இருப்புக் கணக்கைப் பதிந்துகொண்டிருந்த பெரியவர் விசைப்பலகையை நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார். ம்ஹூம்.

"ஆரம்பிச்சுட்டா மகராசி" என்று முணுமுணுத்தார்.

மகராசி வேறு யாருமில்லை. அவர் மகனைக் கட்டி வந்த மருமகள்தான். மாடியில் குளிரூட்டிய அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அவள்தான் புரோகிராமர்.

பேர்தான் மினி கம்ப்யூட்டர். ஆள் பீரோ உயரம், வயதோ ஏறக்குறைய அவள் வயது. கிடங்கின் அத்தனை டெர்மினல் திரைகளும் அந்த ஒன்றை நம்பித்தான் பிழைப்பு நடத்தின. அவள் ஒரு கட்டளையை அடித்தால் போதும். எழுதி வைத்த புரோகிராம்களை எல்லாம் தனக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றி, ஓடத் தயாராக்கும் வேலையில் அது மூழ்கிவிடும். அந்தக் கம்பைல் முடியும்வரை கீழே இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதுவும் தினமும். அதுவும் சொல்லிவைத்தாற்போல மத்தியானத்தில்.

வீட்டில் மாமனாரும் மருமகளும் நகமும் சதையும். ஆபீசில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எலியும் பூனையும். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு செய்யேன் என்று அவரும் கெஞ்சிப் பார்த்துவிட்டார். "பாக்கலாம் மாமா" என்று சிரித்தே மழுப்பினாள்.

இன்று விடுவதாக இல்லை. காலையிலேயே மேனேஜரைப் பிடித்து, பகலில் இனிமேல் கம்பைல் கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டார். அவளிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் ஏற்றிருந்தார்.

மூட்டு வலியை மறந்து படியேறினார்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, மெஷினைப் பார்க்க வந்த சர்வீஸ் இன்ஜினியர் அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"புரோகிராம்ல மாசக்கணக்கா ஒரு எழுத்துகூட மாறலையே மேடம். மாத்தாததை எதுக்கு தினமும் கம்பைல் பண்றீங்க?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத்தை போனதிலேருந்து மாமா சீட்டை விட்டு எழுந்திரிக்கிறதே இல்லைங்க. கொடுத்தனுப்புற சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு. சொன்னா கேக்க மாட்டாரு. திரை நின்னாத்தான் வேற வழியில்லாம டப்பாவைத் திறக்குறாரு."

கதவைத் தட்டத் தூக்கிய கையைப் பெரியவர் மெல்ல இறக்கிக்கொண்டார்.

சத்தம் கேட்டுவிடப் போகிறதே என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கீழே வந்தார்.

திரை இன்னும் அப்படியேதான் நின்றது. அதற்கு எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். தண்ணீர் குடித்துவிட்டு முதல் வாய் எடுத்தார்.

அந்தப் பக்கமாக வந்த மேனேஜர், உறைந்த திரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன, மருமகப் பொண்ணுகிட்ட சொல்லலையா?"

பெரியவர் நிதானமாக மென்று விழுங்கினார்.

"கேட்டுப் பாத்தேன் சார். மத்தியானத்துல செஞ்சாத்தான் அந்த மெஷினுக்கு ஒத்துக்குமாம்."