வடிதட்டு

துஷாந்தின் வலது கை முழங்கைவரை பானைக்குள் இருந்தது. மூக்கையும் வாயையும் ஒரு துவாயால் இறுக்கிக் கட்டியிருந்தான். கதவு சாத்தப்படாமல் கிடந்ததால், மங்களேஸ்வரி மணியடிக்காமலே சமையலறை வாசல்வரை வந்துவிட்டாள்.

"என்ன தம்பி, கூழோ காய்ச்சுறீங்கள்?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். விரல்களிலிருந்து தவிட்டு நிறக் களி நிலத்தில் சொட்டியது. "அன்ரி! நீங்கள் வாறதெண்டு மயூரா சொல்லேல்லையே..."

"அவளுக்கே தெரியாது. சொல்லிப்போட்டு வந்தால் கூட்டித் துடைச்சு வைச்சிருப்பியள். பிள்ளை குடுக்கிற வீட்டைச் சொல்லாமல்தான் வந்து பாக்கவேணும்."

கோயிலில் ஒருமுறை பார்த்த பெடியன். மகள் விரும்பியவன், நல்ல வேலை, அமைதியான முகம். ஹொல்ம்லியாவில் அவன் தனியாக இருக்கும் வீட்டை ஒருதடவை பார்த்துவிட்டு, கலியாணத்துக்கு ஓமென்று சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் ரயிலேறி வந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. பானைக்குப் பக்கத்தில் ஒரு வாளி. அதற்குள் முந்தாநாள் தானியம் புளித்து, நுரைத்து, வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து கிடந்தது. குழந்தை கக்கிய பாலை வெயிலில் வைத்ததுபோல் இருந்தது.

"சீ! உது என்ன கண்டறியாத சாமான்?"

"பார்லி, அன்ரி. முளைக்க வைச்சுக் காய வைச்சது. சுடுதண்ணியில ஊறவிட்டு, சாறை மட்டும் கீழ்க் குழாயால வடிச்செடுக்கவேணும். உமி போய்க் குழாயை அடைச்சிட்டுது, அதுதான் ஆறவிட்டுக் கையால தோண்டுறன்."

"வடிச்சு?"

"அது வந்து... பியர்."

மங்களேஸ்வரி சுவரில் சாயப் போனாள். அங்கேயும் களி தெறித்திருந்தது. அருவருத்து விலகினாள்.

அவளுடைய அக்காவின் வாழ்க்கையைக் குடிதான் தின்றது. குடிக்கிற வீட்டுக்கு என் பிள்ளை போகாது என்று, அக்காவின் கண்ணீரைத் துடைத்த கையாலேயே சத்தியம் செய்தவள் அவள்.

கழுவும் தொட்டிக்குள் ஈரத்துணி ஒன்று பழுப்பு நீரை ஒழுக்கிக்கொண்டு கிடந்தது. "உது யன்னல் சீலையெல்லே!"

"ஓம் அன்ரி. அதாலதான் முதல் வடிச்சுப் பாத்தது. தோய்ச்சனான்..."

"தோய்ச்சாப்போலை? அதுக்குள்ளாலை வாறதை வாயில வைப்பியளோ? சீலையெண்டால் அடைக்குமெண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்!"

துஷாந்தின் தொலைபேசி அடித்தது. களி படாத கையால் எடுத்தான். "ஓம், சொல்லு. துணிப் பையோ? மலிவுதான், ஆனால் பிழியவேணும். நான் பிழியமாட்டன், சத்தியமா. கம்பி வலைக்குழாயோ? உது நெளியாதோ? எனக்கென்ன தெரியும், நீயே ஒண்டை எடு. கெதியா வா. இஞ்சை... இஞ்சை ஆக்கள் நிக்கினம்."

"ஆர், கூட்டாளியோ?"

"வடிக்கிற சாமான் வாங்கக் கடைக்குப் போன ஆள், அன்ரி."

"கூட்டுக் குடி வேறையோ! நல்லது. எவ்வளவு காலமாய் உந்தப் பழக்கம்?"

துஷாந்த் கூரையைப் பார்த்தான். "ஒரு... வருசம் இருக்கும்."

"மயூராவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சும் உங்களைத்தான் கட்டுவன் எண்டு நிக்கிறாளோ! என்ரை பிள்ளையை நல்லாப் பேய்க்காட்டி வைச்சிருக்கிறியள்."

பதில் சொல்ல வந்தவன் வாளியின் பக்கம் திரும்பியதும் முகம் வெளுத்தான். வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடினான். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வரும் சத்தம் சமையலறைவரை கேட்டது.

"பகலிலையே வெறி!" மங்களேஸ்வரி சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவன் சுவரைப் பிடித்தபடி திரும்பி வந்தான். "அன்ரி, என்னை என்னவும் சொல்லுங்கோ. கலியாணத்தை மட்டும் வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

"குடிகாரனுக்குப் பிள்ளை குடுக்க எனக்கென்ன விசரே? இண்டைக்கே அவளிட்டைச் சொல்லுறன், இது சரிவராது."

அவள் கைப்பையைத் தோளில் போடவும் வெளிக்கதவு படாரென்று திறக்கவும் சரியாக இருந்தது.

"துஷி, வடிதட்டே எடுத்திட்டன்! முழுக்க ஸ்டீல். அடியில வைச்சால் உமி மேலேயே நிக்கும், சாறு மட்டும் இறங்கும். இனி என்ரை பியர் ஒருநாளும் அடைக்காது!"

துளை துளையான வட்டத் தட்டைக் கேடயம்போல் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மயூரா உள்ளே வந்தாள். தட்டைக் கீழே இறக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஹேரெகுட்... கடவுளே, அம்மா!"

"உன்ரை பியரோ?"

மயூரா தலை குனிந்தாள். "எங்கடை வீட்டிலை காய்ச்ச நீங்கள் விடமாட்டியள். அதுதான் இஞ்சை. அவரை ஏசாதேங்கோ, அம்மா. அவர் ஒரு சொட்டும் குடிக்கிறேல்லை. உந்த மணமே அவருக்கு ஒத்துவராது. நான் வருமட்டும் கிளறச் சொல்லிப்போட்டுப் போனனான்."

சொல்லிக்கொண்டே, பழக்கத்தில் பானைக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "ம்ம், இனிப்பு நல்லா இறங்கியிருக்கு."

மங்களேஸ்வரி கைப்பையை இறக்கி வைத்து, ஒரு குவளை தண்ணீர் எடுத்துத் துஷாந்திடம் நீட்டினாள். அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த களியைத் தன் சால்வை நுனியாலேயே துடைத்துவிட்டாள்.

"தம்பி, உங்களுக்கு நான் வேறை நல்ல பிள்ளை பாக்கட்டோ?"