நாலாகப் பிரிந்த சங்கம்

"பன்னிரண்டு வருஷம். இந்த சாஃப்ட்வேருக்கு நாங்க ஒரு க்ரோன் காசுகூடக் குடுத்ததில்லை" என்றார் தோர்மோட், மடிக்கணினியை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பி.

பனிச்சறுக்குச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் தொடங்க இன்னும் அரை மணி இருந்தது. வந்தவள் தன் பெயர் வென்கே என்றும், உறுப்பினர் பட்டியலை அவர் நடத்தும் விதத்தை நேரில் பார்க்க வந்ததாகவும் மட்டும் சொல்லியிருந்தாள். தோர்மோட்டுக்கு அது போதும். பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து இதைக் கற்றுக்கொள்ள அவ்வப்போது யாராவது வருவார்கள். எந்தச் சங்கம் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வாய் அதற்குள் தொடங்கிவிட்டது.

உறுப்பினர் பட்டியல் வைக்கும் அந்த சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பில் ஒரு சங்கத்துக்கு ஐம்பது பெயர்தான் ஏறும். இவர்களோ நூற்றுத் தொண்ணூறு பேர். வேறு யாராக இருந்தாலும் பணம் கட்டியிருப்பார்கள். தோர்மோட் சங்கத்தை நாலாக வெட்டிவிட்டார். மேல்கரை, கீழ்க்கரை, தேவாலயப் பக்கம், மர ஆலைப் பக்கம். நாலுக்கும் செயலாளர் அவரே. ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றால், நாலு பட்டியலையும் அச்சடித்து, கத்தரித்து, ஒட்டி ஒன்றாக்குவதில் சனிக்கிழமை முழுக்கப் போய்விடும். அதை அவர் ஒரு நாளும் வேலையாக நினைத்ததில்லை.

"இலவசமா ஏன் குடுக்கறாங்க தெரியுமா? ருசி காட்டினா பின்னாலயே வந்துடுவோம்னு நினைப்பு. நம்மூர் ஆளுங்களை அவங்களுக்குத் தெரியாது."

சொல்லும்போது அவர் நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்தது.

சங்கத் தலைவி யோருன் வாஃபிளும் பழுப்புச் சீஸும் கொண்டுவந்து வைத்தாள். "என் வீட்டுக்காரர் மேல்கரை, நான் கீழ்க்கரை. இருபது வருஷக் கல்யாணத்துல எங்களைப் பிரிச்சது இந்த மனுஷன் ஒருத்தர்தான்" என்று விருந்தாளியிடம் முறையிட்டாள்.

போதும் இந்தக் கூத்து, காசு கொடுத்து முழுப் பதிப்பை வாங்கிவிடலாம் என்பது அவள் கட்சி. விலை கேட்டுக் கம்பெனிக்குக் கடிதமும் போட்டிருந்தாள். பதில் வராவிட்டாலும், இன்று வாக்கெடுப்பு நடந்தே தீரும் என்றாள். தோர்மோட் மனசுக்குள் வாக்குகளை எண்ணிப் பார்த்தார். கைகள் உயர்ந்தால், பன்னிரண்டு வருஷச் சாமர்த்தியம் ஒரே நிமிஷத்தில் மண்ணாகிவிடும்.

வென்கே வாஃபிளை மடித்துக் கடித்தபடி, இதுவரை எத்தனை சங்கங்களுக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டாள். அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் ஒரு நோட்டை எடுத்தார். முப்பத்திநாலு சங்கங்கள், தேதியோடு.

அவள் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நோட்டோடு வரிவரியாக ஒப்பிட்டாள். முப்பத்திநாலும் பொருந்தின; கடைசிப் பெயரில் விரல் நின்றது.

"நான் அந்தக் கம்பெனியிலேர்ந்துதான் வர்றேன்" என்றாள்.

தோர்மோட்டின் காதுகள் சிவந்தன. கை தன்னால் மடிக்கணினியை மூடியது. கணக்கை முடக்கப்போகிறார்கள், அதுவும் ஊர் மொத்தமும் கூடப்போகிற நேரத்தில்.

"உங்க நாலு சங்கமும் ஒண்ணுதான்னு எங்களுக்கு ஒன்பது வருஷமாத் தெரியும்."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?" அவர் குரல் தேய்ந்திருந்தது.

வென்கே வாஃபிள் தட்டைத் தள்ளிவைத்தாள். யோருனின் கடிதத்தைப் படித்ததும் முதலாளியம்மா பதறிப்போய்த் தன்னை அனுப்பியதாகச் சொன்னாள்.

"பதற என்ன இருக்கு? வாங்கறோம்னுதானே எழுதினேன்" என்றாள் யோருன்.

"அதான் பதற்றம். இவர்கிட்ட கத்துக்கிட்டுப் போன முப்பத்திநாலு சங்கமும், நாலு பட்டியலோட மாரடிக்க முடியாம, ஒவ்வொண்ணும் ஒரே சீசன்ல எங்ககிட்ட காசு கட்டி முழுப் பதிப்பை வாங்கிடுச்சு. எங்க ஆளுங்க யாரும் இந்த வட்டாரத்துல இத்தனை வித்ததில்லை." வென்கே கைகூப்பாத குறையாக யோருனைப் பார்த்தாள். "தயவு செஞ்சு நீங்க மட்டும் வாங்கிடாதீங்க."