மூடிக்குள் இருந்த முகம்

மகள் பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் நிறுத்தினாள். சுண்டுவிரலால் மூடியைத் தூக்கிவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவனுக்குப் பகீரென்றது.

விரல் உயரக் கவச வீரன். பழைய ஐரோப்பாக்காரன். போன முறை அவன் மகளுக்குக் கொடுத்த பொம்மை. உடம்பெல்லாம் வெள்ளி, நீலக் கேடயம், கேடயத்தில் மஞ்சள் சிங்கம். தலைக்கவசத்தில் தூக்கி இறக்குகிற சின்ன மூடி.

மூடிக்குள் இருந்த முகம் பாழாகியிருந்தது.

காப்பிக் கலர் நெயில் பாலிஷ். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே அப்பாக அப்பியிருந்தது. அதன்மேல், கண்களைச் சுற்றிக் கறுப்பு மார்க்கரால் இரண்டு வளையங்கள். மூக்குக்குக் கீழே ஒரு கறுப்புத் தீற்றல்.

கோர்ட்டு கொடுத்திருப்பது இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம். சனிக்கிழமை பத்திலிருந்து பதினொன்று. கோர்ட்டுக் கட்டடத்திலேயே குழந்தைகளுக்கான அறை. சுவரில் வாத்துப் படம், மூலையில் நாற்காலி போட்டு ஓர் அலுவலர் அம்மா. அந்த ஒரு மணி நேரத்துக்குள் அப்பாவாக இருந்து காட்டிவிட வேண்டுமாம். யாரால் முடியும்?

அதற்காகத்தான் இந்தப் பொம்மை.

கடையில் வாங்கியதை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். இது வர்ணமில்லாமல் வந்த வெறும் பொம்மை. ஆபீஸ் விட்டு வந்து, பதினைந்து நாள் குனிந்து உட்கார்ந்து அவனே தீட்டியது. முகத்துக்கு மட்டும் மூன்று நாள். புட்டியில் ‘ஸ்கின்’ என்று எழுதியிருந்த ரோஸ் நிறம், கண்ணுக்கு நீலம், கன்னத்தில் துளி சிவப்பு. பெட்டிமேல் இருந்த படத்தில் எப்படியோ அப்படியே.

அந்த நெயில் பாலிஷை அவனுக்குத் தெரியும். மகளின் அம்மா போடுவது. கல்யாணத்துக்கும் அதுதான், கேஸ் போட வந்த அன்றைக்கும் அதுதான். பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்திருப்பாள்.

பொம்மையைக் கையில் எடுத்தான்.

“ஏஞ் சாமி இப்படிப் பண்ணி வெச்சிருக்கே?”

நினைத்ததைவிடக் குரல் கடுத்துவிட்டது. மிருதுளாவுக்கு ஏழு வயது. உதட்டோரம் வரத் தொடங்கியிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“அந்தக் கிளிப்பைக் குடு.”

தலையிலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

கிட்டத்தில் பார்க்க அவனுக்குக் கண்ணாடி ஆகாது. கறுப்பு ஃபிரேம் போட்ட வட்டக் கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்தான். பொம்மையைக் கண்ணுக்கருகே கொண்டுபோனான்.

நல்லவேளை, மேலே வார்னிஷ் அடித்திருந்தான். கிளிப் முனையை விட்டு நெம்பினால் நெயில் பாலிஷ் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது.

நெற்றி வந்தது.

“அப்பா, எனக்குப் பல்லு விழுந்திருச்சு.”

“இரு சாமி, ஒரே நிமிசம்.”

கை நடுங்கக் கூடாது. ஆழமாகக் குத்தினால் அடிவர்ணமும் சேர்ந்து போய்விடும். மீசைமேல் வியர்வை கோத்து நின்றது. புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

ஒரு கண் வந்தது. நீலம் கெடாமல் அப்படியே இருந்தது.

மிருதுளா நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்டவில்லை.

மறு கண். கன்னம். சனியன், மூக்குக்குக் கீழே மட்டும் விடுவேனா என்றது. கால் மணி நேரத்தை அதுவே தின்றது. விடுவானா இவன்? சுரண்டி எடுத்துவிட்டுக் கைக்குட்டையால் பளபளவென்று துடைத்தான்.

ரோஸ் கன்னம், நீலக் கண். பெட்டிமேல் இருந்தவனேதான்.

வந்ததிலிருந்து அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பொம்மையை அவள்முன் நிறுத்தினான்.

“பாத்தியா? பழையபடி ஆயிருச்சு.”

மூலையிலிருந்து அலுவலர் அம்மா, “சார், நேரமாச்சுங்க,” என்றார்.

மிருதுளா எழுந்தாள். பொம்மையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி பொம்மையைப் பார்த்தாள்.

“இப்ப வேற யாரோ மாதிரி இருக்குது.”

மூடியை இறக்கிவிட்டாள். பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள். பொம்மையை எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் மேசைமேல் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

மேசையெல்லாம் காப்பிக் கலர்ப் பொருக்குகள். அவன் கைக்குப் பக்கத்தில் கிடந்தபோது பொருக்குக்கும் கைக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. ஒன்றில் மட்டும் ஒரு கறுப்பு வளையம் உடையாமல் முழுசாக இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

அவன் கைக்குட்டையை விரித்து, பொருக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்க ஆரம்பித்தான்.